அங்கோர்: நீரும் மணலும் தாங்கும் நகரம்

ஓர் ஆறு ஆண்டில் சில மாதங்கள் கடலை நோக்கி ஓடுகிறது. பிறகு திரும்பிக்கொண்டு, வந்த வழியே உள்நாட்டை நோக்கி ஓடுகிறது. இப்படி நடக்குமா என்று கேட்டால், "நடக்காது, நீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்?" என்பீர்கள். நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பது சரி. ஆனால் பள்ளம் எந்தப் பக்கம் என்பது மாறிவிட்டால்?

அப்படித் திசை மாறும் ஆறு கம்போடியா நாட்டில் இருக்கிறது. அந்த ஆறு இணையும் ஏரியின் அருகில்தான் உலகப் புகழ்பெற்ற அங்கோர் நகரம் ஆறு நூற்றாண்டுகள் தழைத்திருந்தது. பெரும்பாலோர் அங்கே சிற்பங்களைக் காணச் செல்கின்றனர். மாணவ நண்பர்களே, நாம் இந்தக் கட்டுரையில் அங்கோரை வேறொரு கண்ணால் பார்க்கப் போகிறோம். உங்கள் இயற்பியல் பாடநூலில் வரும் திரவ மட்டம், மிதப்பு விசை, பரப்பு இழுவிசை ஆகிய மூன்றும் அந்த நகரத்தை எப்படி வாழ வைத்தன, எப்படித் தளர வைத்தன, இன்று அதன் கோயில்களை எப்படித் தாங்குகின்றன என்று காண்போம்.

எங்கே இருக்கிறது?

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் மேல் விரலை வைத்து, அட்சரேகையை ஒட்டி நேர் கிழக்கே நகர்த்துங்கள். வங்காள விரிகுடா, அந்தமான் தீவுகள், மியான்மரின் தென்பகுதி, தாய்லாந்து ஆகியவற்றைக் கடந்தால் கம்போடியா வரும். சென்னை ஏறத்தாழ 13.1 பாகை வடக்கு, அங்கோர் 13.4 பாகை வடக்கு. வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே நம் ஊரில் ஞாயிறு வானில் செல்லும் பாதைதான் அங்கும். தீர்க்கரேகையில்தான் வேறுபாடு: சென்னை 80.3 பாகை, அங்கோர் 103.9 பாகை கிழக்கு. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. எனவே அங்கோரில் சென்னையைவிட சுமார் 94 நிமிடம் முன்னதாகவே பொழுது விடிந்துவிடும்.

கி.பி. 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையில் முடிசூடிக்கொண்டான். கெமர் பேரரசின் தொடக்கமாக இதைக் கொள்வர். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யசோவர்மன் என்ற அரசன் தலைநகரை அங்கோர்ச் சமவெளிக்குக் கொண்டுவந்தான். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் அங்கோர் வாட் என்னும் பெருங்கோயிலைத் திருமாலுக்கு எழுப்பினான். அந்நூற்றாண்டின் இறுதியில் ஏழாம் ஜெயவர்மன், முகங்கள் பொறித்த கோபுரங்களையுடைய பாயோனைக் கட்டினான். 'வர்மன்' என்று முடியும் பெயர்களைக் கண்டதும் காஞ்சியின் பல்லவர் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? கெமர் எழுத்தும் பல்லவ கிரந்த எழுத்திலிருந்து வளர்ந்ததே.

இன்று அங்கோருக்குச் செல்வோர் தங்குமிடம் சியெம் ரீப் என்ற ஊர். அங்கிருந்து வடக்கே 6 கி.மீ. தொலைவில் அங்கோர் வாட். வடகிழக்கே குலேன் மலை. அதன் உயரம் 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தெற்கே டோன்லே சாப் என்ற பெரிய ஏரி. மலைக்கும் ஏரிக்கும் இடையே, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் மெல்லச் சரியும் சமவெளி. மலை, சரிவு, ஏரி ஆகிய இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் அங்கோரின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

திரும்பி ஓடும் ஆறு

முதலில் ஏரிக்குப் போவோம். டோன்லே சாப் ஏரி தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. கோடையில் அதன் பரப்பு சுமார் 2,500 ச.கி.மீ.; ஆழமோ ஒரு மீட்டர் அளவுதான். நல்ல வெள்ளக் காலத்தில் அதே ஏரி 15,000 ச.கி.மீ. வரை விரிகிறது, ஆழம் 8, 9 மீட்டர் ஆகிவிடுகிறது. இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல் முப்பத்தைந்து மாநகராட்சிகளை அதில் அடக்கலாம்!

இவ்வளவு நீரும் எங்கிருந்து வருகிறது? ஏரியின் தென்கிழக்கு முனையிலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு, 100 கி.மீ.க்கு மேல் ஓடி, நோம் பென் நகருக்கருகில் மீகாங் பேராற்றில் கலக்கிறது. மீகாங் திபெத்திய மேட்டுநிலத்தில் தோன்றி, ஆறு நாடுகளைத் தொட்டு, 4,000 கி.மீ.க்கு மேல் ஓடிவரும் ஆறு. கோடையில் அதன் மட்டம் தாழ்ந்திருக்கும். ஏரி மட்டம் அதைவிட உயரம். ஆகவே ஏரி நீர் மீகாங்கை நோக்கி ஓடும். பருவமழை தொடங்கியதும் மீகாங் பல மீட்டர் உயர்கிறது. அப்போது ஆற்றின் மட்டம் ஏரி மட்டத்தை மிஞ்சிவிடுகிறது. உடனே இணைப்பாறு திசை மாறி ஏரியை நோக்கி ஓடத் தொடங்குகிறது. ஜூன் வாக்கில் தொடங்கும் இந்தப் பின்னோட்டம் செப்டம்பர், அக்டோபர் வரை நீடிக்கும். மழை ஓய்ந்து மீகாங் இறங்கியதும் மீண்டும் பழைய திசை. இந்தத் திருப்பத்தை ஒட்டி நவம்பர் மாதத்தில் கம்போடியர்கள் படகுப் போட்டிகளுடன் நீர்த் திருவிழா கொண்டாடுகின்றனர்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு வாளிகளில் பாதியளவு நீர் ஊற்றி, நீர் நிறைந்த ஒரு ரப்பர்க் குழாயின் இரு முனைகளையும் அவற்றில் மூழ்க வையுங்கள். ஒரு வாளியை உயர்த்துங்கள். நீர் மற்றதற்குப் போகும். இப்போது மற்றதை உயர்த்துங்கள். அதே குழாயில் நீர் திரும்பி வரும். குழாய் மாறவில்லை; மட்டம்தான் மாறியது. நீரோட்டத்தின் திசையை முடிவு செய்வது ஆற்றின் பெயரோ படுகையோ அல்ல. இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாடே.

வெள்ளத்தோடு மீன் குஞ்சுகளும் வண்டலும் ஏரிக்குள் வருகின்றன. கரையோரக் காடு நீரில் மூழ்குகிறது. மரக்கிளைகளுக்கிடையே மீன்கள் மேய்ந்து கொழுக்கின்றன. கம்போடிய மக்கள் உண்ணும் புரதத்தில் பெரும்பங்கு மீன். அதில் இந்த ஏரியின் பங்கு மிகப் பெரிது. ஏரியோரத்துக் கம்போங் ப்ளுக் போன்ற ஊர்களில் வீடுகள் ஆறேழு மீட்டர் உயரக் கால்களின் மேல் நிற்கின்றன. கோடையில் ஏணி வைத்து ஏறும் வாசலுக்கு, வெள்ளக் காலத்தில் படகு வந்து நிற்கும். ப்ரெக் தோல் என்ற பகுதியில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கலில் நாம் காணும் அதே இனங்கள்தாம் அவை.

தரைக்கு மேலே ஏரி

இனி நகரத்துக்குத் திரும்புவோம். அங்கோரில் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மழை. ஆறு மாதம் வறட்சி. 1296-97-இல் இங்கு ஓராண்டளவு தங்கியிருந்த சீனத் தூதுக்குழுவினரான ஜோ தாகுவான் இதைக் குறித்து வைத்திருக்கிறார். மழைக்காலத்து நீரைக் கோடைக்குச் சேர்த்து வைப்பதே இந்நகரத்தின் தலையாய வேலை.

கெமர் பொறியாளர்கள் அதற்கு 'பாராய்' என்னும் நீர்த்தேக்கங்களை அமைத்தனர். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேற்குப் பாராய் இன்றும் நீருடன் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 8 கி.மீ.; அகலம் சுமார் 2.1 கி.மீ. சராசரி ஆழம் 3 மீட்டர் என்று கொண்டால், அதில் தேங்கும் நீர் எவ்வளவு?

8,000 × 2,100 × 3 = சுமார் 5 கோடி கன மீட்டர்.

நம் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் இது ஏறத்தாழப் பாதி. மனிதர் கூடைகளில் மண் சுமந்து உண்டாக்கிய தேக்கம் இது!

இதில் ஒரு நுட்பம் உண்டு. பாராய் பெரும்பாலும் தோண்டிய குளம் அன்று. தரைமட்டத்தின் மேல் நாற்புறமும் கரை எழுப்பி, உள்ளே நீரைத் தேக்கினார்கள். ஏன் இப்படி? தோண்டிய குளத்தில் நீர் தரைக்குக் கீழே கிடக்கும். வயலுக்குப் பாய்ச்ச ஏற்றம் வேண்டும். தரைக்கு மேல் தேக்கினால், மதகைத் திறந்தாலே போதும்; நீர் தன் எடையால் தானே இறங்கிப் பாயும். உயரத்தில் நிற்கும் நீரில் நிலையாற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆற்றலைத் தந்தது யார்? கடலிலிருந்து நீரை ஆவியாக்கி மலைமேல் மழையாகப் பொழிவித்த ஞாயிறு. கெமர் மக்கள் செய்ததெல்லாம், குலேன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் கால்வாய்களால் திருப்பி, அந்த உயரம் வீணாகாமல் காத்ததுதான். மூன்று பக்கம் கரையும் ஒரு பக்கம் திறந்த நீர்ப்பிடிப்பும் கொண்ட தமிழ்நாட்டு ஏரிகளிலும் இதே கொள்கை இருப்பதைக் காணலாம்.

2012-இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர்க் கதிர்களைச் செலுத்திக் காட்டுக்கு அடியிலுள்ள தரையின் மேடுபள்ளங்களை அளந்தார்கள். கதிர் தரையைத் தொட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தொலைவைக் கணக்கிடும் முறை இது. மரங்களுக்கடியில் மறைந்திருந்த தெருக்கள், கால்வாய்கள், குளங்கள், வீட்டு மேடுகள் எல்லாம் வெளிப்பட்டன. அங்கோர் நகர்ப்பகுதி ஏறத்தாழ 1,000 ச.கி.மீ. பரவியிருந்தது என்றும், 13-ஆம் நூற்றாண்டில் 7 முதல் 9 இலட்சம் மக்கள் வாழ்ந்திருக்கலாம் என்றும் இத்தகைய ஆய்வுகளால் இன்று மதிப்பிடுகின்றனர்.

கோபுரத்தின் மேல் ஞாயிறு

அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். ஆகவே அதிகாலையில் வாயிலில் நின்று கோயிலைப் பார்ப்பவருக்கு ஞாயிறு கோயிலின் பின்புறம் எழும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாள்களை ஒட்டிச் சில நாள்கள் ஞாயிறு நடுக்கோபுரத்தின் உச்சியில் அமர்ந்தது போலத் தோன்றும். இந்த அமைப்பைப் பற்றி ராபர்ட் ஸ்டென்செல் முதலியோர் 1976-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர்.

இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரம் 65 மீட்டர். நீங்கள் 500 மீட்டர் தள்ளி நிற்பதாகக் கொள்வோம். 65 ÷ 500 = 0.13. டான்ஜென்ட் மதிப்பு 0.13 ஆக இருக்கும் கோணம் சுமார் 7.4 பாகை. ஞாயிறு கோபுர உச்சியைத் தொட, அடிவானத்திலிருந்து 7.4 பாகை ஏற வேண்டும். இந்த அட்சரேகையில், சம இரவு நாளில் உதித்தவுடன் அது மணிக்குச் சுமார் 14.6 பாகை ஏறும். ஆகவே உதித்து அரை மணி நேரம் கழித்தே உச்சிக்கு வரும்.

ஆனால் ஞாயிறு செங்குத்தாக ஏறுவதில்லை. நிலநடுக்கோட்டில் மட்டுமே அது செங்குத்தாக ஏறும். 13.4 பாகை வடக்கே உள்ள அங்கோரில் அதன் பாதை அதே 13.4 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். எனவே 7.4 பாகை ஏறுவதற்குள் தெற்கே சுமார் 1.75 பாகை நகர்ந்துவிடும். ஞாயிற்றின் விட்டம் அரைப் பாகைதான். அதைப்போல் மூன்றரை மடங்கு நகர்வு இது. மேலும் அந்த நாள்களில் உதிக்கும் இடமே நாளுக்குச் சுமார் 0.4 பாகை தள்ளிப்போகிறது. ஆகவே உச்சியில் ஞாயிற்றைக் காண, நாளும் வேண்டும், நிற்கும் இடமும் வேண்டும். பல ஆண்டுகள் வானத்தை உற்று நோக்கியவர்கள்தாம் இப்படி ஒரு கோயிலைத் திட்டமிட்டிருக்க முடியும். சென்னை அட்சரேகையும் இதுவே என்பதால், உங்கள் ஊர்க் கோபுரத்தைக்கொண்டு இதே கணக்கைப் போடலாம். ஆனால் ஞாயிற்றை வெறுங்கண்ணால் ஒருபோதும் உற்றுப் பார்க்காதீர்கள். நிழலை அளந்தே கணக்கிடுங்கள்.

கோயிலுக்கு அடியில் என்ன?

அங்கோர்க் கோயில்களின் வெளிப்புறம் மணற்கல். அது குலேன் மலையடிவாரத்தில் சுமார் 35 கி.மீ. தொலைவில் வெட்டப்பட்டு, கால்வாய் வழியாகக் கொண்டுவரப்பட்டது. உட்புறம் செம்புரைக்கல். பூமிக்குள் ஈரமாக இருக்கும்போது எளிதில் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் இறுகிவிடும். சரி, இந்தக் கற்களுக்கும் அடியில் என்ன இருக்கிறது?

இடித்து இறுக்கிய மணல்!

மணலின் மேலா மலை போன்ற கோயிலைக் கட்டினார்கள் என்று வியக்கலாம். ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று கிண்ணங்களில் மணல் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உலர்ந்த மணல், இரண்டாவதில் ஈரமணல், மூன்றாவதில் நீர் நிறைந்து தளும்பும் மணல். மூன்றையும் தட்டில் கவிழ்த்து இட்லி போல் எடுக்கப் பாருங்கள். உலர்ந்த மணல் சரிந்து குவியலாகும். நீர் நிறைந்த மணல் வழிந்து பரவும். ஈரமணல் மட்டும் கிண்ணத்தின் வடிவத்தில் உறுதியாக நிற்கும். அதன் மேல் சில நாணயங்களை வைத்தாலும் தாங்கும்.

காரணம் பரப்பு இழுவிசை. ஈரமணலில் இரு மணிகள் தொடும் இடந்தோறும் ஒரு மெல்லிய நீர்ப்பாலம் இருக்கிறது. அதன் வளைந்த பரப்பு இரு மணிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. நீர் இல்லாவிட்டால் பாலம் இல்லை. இடைவெளி முழுதும் நீர் நிறைந்துவிட்டால் வளைந்த பரப்பே இல்லை. அப்போதும் இழுவிசை இல்லை. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

கோயிலின் அடித்தள மணல் ஆழத்தில், நாற்புறமும் அடைபட்டு இருப்பதால் கிண்ண மணலைவிட மிக உறுதியானது. அங்கே நிலத்தடி நீர்மட்டம் மிக மேலே இருக்கிறது. பருவத்துக்கேற்பத் தரையை ஒட்டியும், சில மீட்டர் ஆழத்திலும் நிற்கும். அங்கோர் வாட்டைச் சுற்றி 190 மீட்டர் அகலமுள்ள அகழி இருக்கிறது. அதில் நீர் நிற்கும்வரை, கோடையிலும் சுற்றியுள்ள மணலுக்குள் நீர் கசிந்து, நிலத்தடி மட்டம் பெரிதும் ஏறி இறங்காமல் காக்கிறது. அழகுக்கென நாம் நினைக்கும் அகழி, அடித்தளத்தின் காவலனாகவும் இருக்கிறது.

மட்டம் இறங்கினால் என்ன ஆகும்? இங்கே ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைத் துணைக்கு அழைப்போம். ஒரு கன மீட்டர் மணலில் 40 விழுக்காடு இடைவெளி, 60 விழுக்காடு மணிகள் என்று கொள்வோம். மணிகளின் கன அளவு 0.6 கன மீட்டர். அவற்றின் அடர்த்தி 2,650 கி.கி./கன மீட்டர். ஆகவே மணிகளின் நிறை 1,590 கி.கி. நீருக்குள் மூழ்கியிருக்கும்போது, அவை விலக்கும் 0.6 கன மீட்டர் நீரின் எடை, அதாவது 600 கி.கி. எடை, மிதப்பு விசையாகத் தாங்கப்படுகிறது. அடியிலுள்ள மணல் அடுக்கின் மணிகள் சுமப்பது 990 கி.கி. எடை மட்டுமே.

இப்போது நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதப்பு விசை போய்விட்டது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அடி அடுக்கின் மேல் 600 கி.கி. சுமை கூடிவிட்டது. மேலே யாரும் ஒரு கல்லும் ஏற்றவில்லை. நீர் இறங்கியதே கல் ஏற்றியதற்குச் சமம்! கூடுதல் சுமையால் மணிகள் நெருங்குகின்றன. தரை சிறிதளவு அமிழ்கிறது. எல்லா இடமும் ஒரே அளவு அமிழ்ந்தால் தீங்கு குறைவு. ஓரிடம் அதிகமாகவும் அடுத்த இடம் குறைவாகவும் அமிழ்ந்தால் சாந்து இன்றி அடுக்கப்பட்ட கற்கள் விலகும், சுவர் பிளக்கும்.

மறுபுறக் கேட்டுக்கும் ஓர் எடுத்துக்காட்டு பாபுவான் கோயில். உள்ளே மணல் நிரப்பி எழுப்பிய இம்மலைக்கோயிலில், மழைநீர் இறங்கி மணலை நனைத்துக் கனமாக்கி, பக்கச் சுவர்களை வெளியே தள்ளியது. பல பகுதிகள் சரிந்தன. ஏறத்தாழ 3 இலட்சம் கற்களைப் பிரித்து எண்ணிட்டு, திரும்ப அடுக்கும் பணி 1960-இல் தொடங்கியது. 1970-களின் போரில் பணி நின்றது. எந்தக் கல் எங்கே என்று குறித்த ஏடுகளும் அழிந்தன. 1995-இல் மீண்டும் தொடங்கிய வேலை 2011-இல்தான் முடிந்தது.

நகரம் ஏன் தளர்ந்தது?

15-ஆம் நூற்றாண்டில் அங்கோர் தலைநகர் என்ற நிலையை இழந்தது. அயுத்தயா அரசுடன் நடந்த போர்கள் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மரங்கள் சொல்கின்றன. வியட்நாமின் மலைகளில் நெடுங்காலம் வாழும் ஒருவகை ஊசியிலை மரங்களின் ஆண்டு வளையங்களை 2010-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமையும். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் வறட்சி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கடும் வறட்சி. இடையிடையே மிகக் கடும் மழை என்று அவ்வளையங்கள் காட்டின.

வறட்சியில் பாராய்களும் கால்வாய்களும் வண்டலால் தூர்ந்தன. பிறகு திடீரெனப் பெருவெள்ளம். ஒன்றோடொன்று பின்னிய கால்வாய் வலையில் ஓரிடம் உடைந்தால், அங்கே நீர் வேகமாகப் பாய்ந்து படுகையை அரிக்கும். படுகை ஆழமானதும் மற்றக் கால்வாய்களின் நீரும் அதை நோக்கியே ஓடும். ஒரு முனையில் தொடங்கிய கேடு வலை முழுதும் பரவிவிடும். இதன் சான்றை இன்றும் பார்க்கலாம். 'ஸ்பியன் த்மா' என்ற பழைய கற்பாலத்தின் அருகே செல்லுங்கள். ஆறு பாலத்தின் அடியில் ஓடவில்லை! பாலத்தை விட்டு விலகி, பக்கத்தில் பல மீட்டர் ஆழத்தில் அரித்துக்கொண்டு ஓடுகிறது. சியெம் ரீப் ஆறே ஒரு காலத்தில் மனிதர் வெட்டித் திருப்பிய கால்வாய்தான்.

இன்றைய நிலை

1992-இல் யுனெஸ்கோ அங்கோரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டில் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. 2004-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1995-இல் அமைந்த அப்சரா ஆணையம் இதைப் பேணி வருகிறது. போர் ஓய்ந்ததும் பயணிகள் பெருகினர். 2018-இல் மட்டும் 25 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர்.

ஒவ்வொரு பயணியும் குளிக்கிறார். துணி துவைக்கக் கொடுக்கிறார். நீச்சல் குளத்தில் இறங்குகிறார். அந்த நீர் எங்கிருந்து? சியெம் ரீப்பில் விடுதிகள் பலவும் தத்தம் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பின. மேலே நாம் போட்ட 600 கி.கி. கணக்கு இப்போது நினைவுக்கு வரவேண்டும். கோயிலைக் காண வருபவரின் குழாய் நீரும், கோயிலைத் தாங்கும் நீரும் ஒரே நிலத்தடியில் இருக்கின்றன. அதனால்தான் அங்கே நிலத்தடி நீர்மட்டத்தையும் தரையின் அமிழ்வையும் அளந்து கண்காணிக்கத் தொடங்கினார்கள். ஏரி நீரைச் சுத்திகரித்து ஊருக்கு வழங்கும் திட்டங்களும் மேற்கொள்ளப்பட்டன.

இதைவிட மகிழ்ச்சியான செய்தி ஒன்றுண்டு. பழைய நீர்நிலைகளையே திரும்ப உயிர்ப்பித்தனர். நெடுங்காலம் வறண்டு கிடந்த வடக்குப் பாராயில் 2008-இல் மீண்டும் நீர் நிறைந்தது. 2009 முதல் 2011 வரை சியெம் ரீப்பைப் பெருவெள்ளங்கள் தாக்கின. அதன்பின் பழங்காலக் கால்வாய்களையும் அகழிகளையும் தூர்வாரி, வெள்ளநீரை அவற்றில் திருப்பிவிட வழி செய்தனர். இதனால் ஊருக்குள் வெள்ளம் குறையும், அகழி நிறையும், மணலுக்குள் நீர் இறங்கும். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய பொறியியல் இன்றும் வேலை செய்கிறது.

ஏரிக்கும் ஒரு கவலை உண்டு. 2019, 2020 ஆம் ஆண்டுகளில் மழை குறைந்து, மீகாங் போதிய அளவு உயரவில்லை. இணைப்பாறு திரும்புவது வழக்கத்தைவிடத் தாமதமாயிற்று. மேற்பகுதி அணைகள் மழைக்கால நீரைப் பிடித்து வைப்பதும், கட்டட வேலைகளுக்காக ஆற்று மணலை அள்ளுவதால் படுகை ஆழமாவதும் மீகாங்கின் வெள்ள மட்டத்தைக் குறைக்கின்றன. உங்கள் வாளிச் சோதனையை நினைத்துப் பாருங்கள்: ஒரு வாளியைச் சற்றுக் குறைவாக உயர்த்தினால், குழாயில் வரும் நீர் எவ்வளவு குறைகிறது! அந்த வேறுபாட்டில்தான் இலட்சக்கணக்கான மீனவக் குடும்பங்களின் உணவு இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

என்றாவது ஒருநாள் உங்களில் சிலர் அங்கே போவீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, வெப்பமும் தாங்கக்கூடியது. ஏரியையும் மூழ்கிய காட்டையும் நிறைந்த நிலையில் காண வேண்டுமானால் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் செல்லுங்கள். அங்கோர் வாட்டுடன் நின்றுவிடாமல் மேற்குப் பாராயின் கரையில் நடந்து, அதன் நீர்மட்டம் வெளியிலுள்ள வயலைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஸ்பியன் த்மா பாலத்தில் நின்று ஆற்றைத் தேடுங்கள். தா ப்ரோம் கோயிலில் சுவரைப் பிடித்து இறங்கும் மரவேர்களைக் காணுங்கள்; அவ்வேர்கள் கற்களைப் பிளக்கவும் செய்கின்றன, பிளந்தவற்றை விழாமல் பிடித்திருக்கவும் செய்கின்றன. மணற்கல் மென்மையானது, கையாலும் காலாலும் தேயும். ஆகவே சிற்பங்களைத் தொடாதீர்கள். விடுதியில் குழாயைத் திறக்கும்போது, அந்த நீர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

செய்து பார்க்கக் கணக்குகள்

1. அங்கோர் வாட் அகழியின் வெளி விளிம்பு 1.5 கி.மீ. நீளமும் 1.3 கி.மீ. அகலமும் கொண்ட செவ்வகம். அகழியின் அகலம் 190 மீட்டர். நீர்ப்பரப்பு எவ்வளவு? சராசரி ஆழம் 3 மீட்டர் எனில் நீரின் கன அளவு என்ன?

2. மேற்குப் பாராயின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாவதாகக் கொண்டால், 30 நாளில் எவ்வளவு நீர் குறையும்? தேக்கத்தின் முழு அளவில் அது எத்தனை விழுக்காடு?

3. மணலில் இடைவெளி 30 விழுக்காடு என்று கொண்டு, நீர்மட்டம் 2 மீட்டர் இறங்கினால் ஒரு சதுர மீட்டருக்குக் கூடும் சுமையைக் கணக்கிடுங்கள்.

4. உங்கள் ஊரில் கோயிலோ, பள்ளியோ, பழைய கட்டடமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, ஓராண்டுக்கு வரைபடம் வரையுங்கள். கிணற்றில் எட்டிப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். மழை எப்போது பெய்தது, மட்டம் எத்தனை நாள் கழித்து உயர்ந்தது என்பதையும் குறியுங்கள். முதல் மூன்று கணக்குகளின் விடைகளை ஒரு மணி நேரத்தில் பெற்றுவிடலாம். இதற்கு மட்டும் ஓராண்டு வேண்டும்.